பொறியாளர் வேலையை விட்டுவிட்டுக் கனடா போய்க் கிடங்கில் பெட்டி தூக்க வேண்டுமா?

38 வயதில் நல்ல பொறியாளர் வேலையை விட்டுக் கனடா போகலாமா, போனால் கிடங்கில் பெட்டி தூக்க வேண்டியதுதான் என்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் 'பெட்டி தூக்க வேண்டியதுதான்' மனதைத் தைத்துவிட்டது. நான் பெட்டி தூக்கியவன்.

திருச்சியில் 11 வருடம் கட்டுமானப் பொறியாளராக இருந்தேன். 2014 நவம்பரில் மனைவி, 4 வயது மகளோடு டொரண்டோவில் வந்து இறங்கினேன். டொரண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் வீட்டு பேஸ்மென்ட் வாடகைக்குக் கிடைத்தது. அனுப்பிய விண்ணப்பங்களுக்குக் கணக்கில்லை. நேர்காணலுக்குக் கூப்பிட்ட இரண்டு இடத்திலும் ஒரே கேள்வி: "கனடா அனுபவம் இருக்கிறதா?" வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்? டொரண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பொறியாளர் உரிமம் வாங்க 48 மாத அனுபவம் வேண்டும், அதில் 12 மாதமாவது கனடாவில் பார்த்திருக்க வேண்டும் என்று அப்போது விதி. 2023 மே மாதம்தான் அந்த 12 மாத நிபந்தனையை நீக்கினார்கள்.

கொண்டுவந்த பணம் கரையத் தொடங்கியதும் ஏஜென்சி மூலம் கிடங்கில் இரவு ஷிப்ட். மணிக்கு 11 டாலர், அன்றைய குறைந்தபட்சக் கூலி. முனையில் இரும்பு வைத்த ஷூ கட்டாயம். 2015 பிப்ரவரி, டொரண்டோ விமான நிலையத்தில் பதிவானதிலேயே கடுங்குளிரான பிப்ரவரி. விடிகாலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த இரும்பு குளிரை வாங்கி அப்படியே விரலில் இறக்கும். இரண்டு சாக்ஸ் போட்டாலும் பெருவிரல் மரத்துவிடும். வீட்டுக்கு வந்து ஹீட்டர் பக்கம் காலை நீட்டினால், உணர்ச்சி திரும்பும்போது வலிக்கும் பாருங்கள், அது தனி வலி. ஒருநாள் அக்கா பார்த்துவிட்டுக் கம்பளிச் சாக்ஸ் கொண்டுவந்து கொடுத்தார். "எங்கட இவரும் வந்த புதுசில ரெஸ்டோரண்டில கோப்பை கழுவினவர்தான் தம்பி. என்ன குறைஞ்சு போச்சுது?" என்றார்.

14 மாதம் கழித்து ஒரு சின்ன நிறுவனத்தில் கான்கிரீட் சோதிக்கும் வேலை கிடைத்தது. சோதிக்க வார்க்கும் மாதிரி நம்மூர் போல் கியூப் கிடையாது, சிலிண்டர். திருச்சியில் எனக்குக் கீழே இருந்த பையன்கள் செய்த வேலை. செய்தேன். 2018இல் உரிமம் வாங்கினேன்.

கனடாவைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எல்லோருக்கும் இப்படித்தான் என்றும் சொல்லவில்லை. இரண்டே மாதத்தில் வேலைக்குப் போன ஐடி நண்பர்களும் எனக்கு உண்டு.

எனக்கு இன்றும் ஆறாதது வேறு. 2019 ஜனவரியில் பெற்றோரை ஸ்பான்சர் செய்ய, முந்துகிறவருக்கே இடம் என்று இணையத்தில் படிவம் திறந்தார்கள். 20,000 விண்ணப்பங்களுக்குத்தான் இடம். மதியம் 12 மணிக்கு நானும் மனைவியும் ஆளுக்கொரு லேப்டாப்போடு உட்கார்ந்தோம். அப்பாவின் விவரங்களை அடித்துக்கொண்டிருக்கும்போதே மூடிவிட்டது. 11 நிமிடம்கூட ஆகவில்லை. பெற்ற தகப்பனை அழைத்துக்கொள்வது தட்டச்சு வேகத்தைப் பொறுத்ததா? அடுத்த வருடம் அப்பா போய்விட்டார். நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சரி, உங்கள் விஷயம். வரலாம். ஆறு மாதச் செலவுக்குப் பணம் இல்லாமல் மட்டும் கிளம்பாதீர்கள். கிடங்கு வேலை வந்தால் தயங்காமல் போங்கள். ஷூ வாங்கும்போது பாதுகாப்புத் தரத்தைக் காட்டும் பச்சை முக்கோண முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இரும்புக்குப் பதில் காம்போசிட் (உலோகமில்லாத கலவைப் பொருள்) முனை வைத்ததைக் கேட்டு வாங்குங்கள், அதில் குளிர் அவ்வளவாக ஏறாது. எனக்கு அது தெரிந்தது இரண்டாவது குளிர்காலத்தில்தான்.