கேள்வி–பதில்: கடைக்கு ஒரு பாட்காஸ்ட், பேசுவது ஏ.ஐ.

கேள்வி: ஆர்த்தடாக்ஸ் தேயிலை விற்கிறோம். வாடிக்கையாளர்களுக்கு வாரம் ஐந்து நிமிட பாட்காஸ்ட் அனுப்ப ஆசை. வீட்டில் யாருக்கும் மைக் முன்னால் பேச வராது. எழுதியதை ஏ.ஐ. குரலில் மாற்றிப் பார்த்தேன். வானொலிச் செய்தி மாதிரி விறைப்பாக இருக்கிறது; ‘தொட்டபெட்டா’வைக் கூடத் தப்பாகச் சொல்கிறது. காசு கட்டி வேறு செயலி வாங்கலாமா?
– வாசகர், குன்னூர்

பதில்: காசு கட்டும் முன் எழுதிக் கொடுத்ததை மாற்றிப் பாருங்கள். கோளாறு பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கும். எழுத்துத் தமிழைக் கொடுத்தால் எந்தக் குரலும் செய்திதான் வாசிக்கும். “கொய்யப்பட்ட இலைகள் 14 மணி நேரம் வாட்டப்படுகின்றன” என்று உங்கள் கடை வாசலில் நின்று யாராவது சொல்வார்களா? “பறிச்ச இலையை ஒரு பதினாலு மணி நேரம் வாட விடுவோம். கையில அள்ளினா மெத்துன்னு இருக்கணும், காம்பை மடக்கினா ஒடியக் கூடாது” என்று எழுதிக் கொடுங்கள். அதே குரல், அதே செயலி, ஆனால் ஆள் மாறியது போல இருக்கும்.

ரொம்பவும் கொச்சையாகப் போகவும் கூடாது. இந்தக் குரல்கள் பெரும்பாலும் அச்சுத் தமிழை வாசித்துப் பழகியவை. “வெச்சுருக்கம்ங்க” என்று எழுதினால் தடுமாறும். “வச்சிருக்கோம்” என்றால் ஒழுங்காகச் சொல்லிவிடும். வாக்கியம் பத்துச் சொல்லைத் தாண்ட வேண்டாம்.

இனி தொட்டபெட்டா. பந்துக்கும் பஸ்ஸுக்கும் நமக்கு ஒரே ‘ப’தான், ஒலி வேறு என்பது பழக்கத்தில் தெரியும். பஸ்ஸைப் பல்லாயிரம் முறை கேட்ட எந்திரத்துக்கும் அது தெரியும். ஆனால் தொட்டபெட்டா, எப்பநாடு, படுகர் எல்லாம் அதன் காதில் அதிகம் விழுந்திருக்காது. எழுத்தில் உள்ளபடி வன்மையாகச் சொல்லி, உள்ளூர்க்காரர் காதில் ஈயம் ஊற்றும். அந்தச் சொல்லை மட்டும் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து பாருங்கள். பல சமயம் அதுவே போதும். எலெவன்லேப்ஸ் என்ற ஏ.ஐ. குரல் செயலியில் உச்சரிப்பு அகராதி வசதி உண்டு. மைக்ரோசாஃப்டின் அஷூர் குரல் சேவையில் (பல்லவி, வள்ளுவர் போன்ற தமிழ்க் குரல்கள் இருக்கின்றன) ஒரு சொல்லுக்கு மாற்று ஒலிப்பை உரைக்குள் இடும் குறியீட்டில் தரலாம். எந்தச் சொல்லை எப்படி எழுதினால் சரியாக வந்தது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். பத்தாவது பகுதிக்குள் அந்த நோட்டுதான் உங்கள் பெரிய சொத்து.

எண்களையும் எழுத்தில் கொடுங்கள். ₹450 என்றால் ஒரு முறை ஆங்கிலத்தில், ஒரு முறை “நானூற்று ஐம்பது” என்று வரும். ‘பி.ஓ.பி.’ (ப்ரோக்கன் ஆரஞ்ச் பீகோ என்ற தேயிலைத் தரம்) என்று புள்ளி வைத்தால் ஒவ்வொரு புள்ளியிலும் நின்று நின்று போகும். ‘பீ ஓ பீ’ என்று எழுதுங்கள்.

ஐந்து நிமிடத்துக்கு ஏறக்குறைய 500 முதல் 550 தமிழ்ச் சொற்கள் போதும். முழுவதையும் ஒரே மூச்சில் மாற்றாதீர்கள். நீளமான பத்தியில் குரலின் வேகமும் ஏற்ற இறக்கமும் மெல்ல விலகிப் போகும். தவிர, ஒரு சொல் தப்பினால் முழுதையும் திரும்பச் செய்ய வேண்டும். மூன்று நான்கு வாக்கியங்களாகத் துண்டு போட்டு, ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் வரிசையாக ஒட்டுங்கள். துண்டுகளுக்கு இடையே அரை விநாடி விட்டால் இயல்பாக இருக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள்: எலெவன்லேப்ஸின் இலவசத் திட்டத்தில் வணிகப் பயன்பாட்டுக்கு உரிமை கிடையாது. கடை விளம்பரமும் வணிகம்தான். கட்டணத் திட்டத்துக்குப் போகும் காசு அங்கே நியாயமான செலவு.

கேள்வி: கோத்தகிரியில் ஹோம்ஸ்டே நடத்துகிறோம். எங்கள் கையேட்டை கூகுளின் நோட்புக் எல்எம் என்ற ஏ.ஐ. கருவியில் ஏற்றினேன். இரண்டு பேர் தமிழில் அரட்டை அடிக்கும் ஆடியோ தானாகவே வந்துவிட்டது! அப்படியே வெளியிடலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: கேட்க மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அப்படியே விடாதீர்கள். கையேடு பழசாக இருந்தால் அந்த இருவரும் பழைய செய்தியை அதே உற்சாகத்தோடு சொல்வார்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. அது உங்கள் கையேட்டில் இல்லை என்றால் “வண்டியை எடுங்க, நேரா மேல வாங்க” என்று கூப்பிட்டு, விருந்தாளியைச் சோதனைச் சாவடியில் நிறுத்திவிடும். குறிஞ்சியும் அப்படித்தான். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியையும், இடையிடையே பூக்கும் அதன் உறவுச் செடிகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால், பூவைப் பார்க்க வந்தவர் உங்களிடம்தான் சண்டைக்கு வருவார்.

அதில் பெரிய இடைஞ்சல், நடுவில் ஒரு வரியை மட்டும் திருத்த முடியாது. முழுதும் மறுபடி உருவாக்க வேண்டும். இரண்டாம் முறை வேறு இடத்தில் தப்பு வரும். எதற்கெடுத்தாலும் “அற்புதம்” என்று வியக்கும் பழக்கமும் உண்டு. உங்கள் வீட்டை நீங்களே இப்படிப் புகழ்ந்தால் கேட்பவர் நெளிவார்.

ஆகவே அதை வரைவாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வரிசையில் பேசுகிறது, என்ன கேள்வி எழுப்புகிறது என்று கேட்டுவிட்டு, சரிபார்த்த தகவலை இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். ஜெமினியிடமோ சாட்ஜிபிடியிடமோ அதைக் கொடுத்து, “இதில் இருப்பதை மட்டும் வைத்து எழுது, இல்லாததைச் சேர்க்காதே, தகவல் போதாத இடத்தில் கோடு போட்டு விடு” என்று கேளுங்கள். அந்தக் கடைசி உத்தரவு முக்கியம். வெற்றிடத்தைக் கண்டால் இட்டுக்கட்டி நிரப்புவது அதன் குணம். கட்டணம், நேரம், வண்டி எண்ணிக்கை வரம்பு போன்ற மாறும் விவரங்களை ஆடியோவில் சொல்லாமல் கீழே குறிப்பில் எழுதுங்கள்; குறிப்பைத் திருத்த ஒரு நிமிடம்தான்.

கேள்வி: நாங்களே பேசிப் பதிவு செய்கிறோம். கூரை தகரம், ஜூன் வந்தால் மழை ஓயாது. சத்தத்தை நீக்கும் ஏ.ஐ. கருவியில் போட்டால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் ஆகிவிடுகிறது.
– தேன் கடைக்காரர், கூடலூர்

பதில்: ஃபேன், ஃபிரிட்ஜ் இரைச்சல் ஒரே சீராக, தாழ்ந்த ஒலியில் ஓடும், எளிதாகப் பிரிக்கலாம். தகரத்து மழை அப்படியல்ல. உங்கள் ‘ச’, ‘ஸ’ ஒலிகள் இருக்கும் அதே உயர்ந்த அலைவரிசையில் கொட்டுகிறது. மழையைத் துடைக்கும்போது அவையும் சேர்ந்து போகின்றன. அடோபி பாட்காஸ்ட் மாதிரிக் கருவிகள் போன இடத்தை ஊகித்து நிரப்புகின்றன. அந்த ஊகம்தான் உங்களுக்குத் தண்ணீர்ச் சத்தமாகக் கேட்கிறது. அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் பாதியில் நிறுத்துங்கள். லேசான மழை பின்னால் கேட்டால் கூடலூர்க் கடைக்கு அழகுதான்.

பதிவிலேயே சரிசெய்வது இன்னும் நல்லது. வீட்டில் இருக்கிற கம்பளி, ரஜாய் எல்லாவற்றையும் நாற்காலிகள் மேல் போட்டு மூன்று பக்கம் மறைப்பு கட்டுங்கள். போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். நேர் எதிரே வைத்தால் ‘ப’ வரும்போதெல்லாம் மூச்சு டப்பென்று அடிக்கும். போனை ஏரோபிளேன் மோடில் போட மறக்காதீர்கள்.

பேசியதை எழுத்தாக்க விஸ்பர் போன்ற கருவிகள் உதவும். எழுத்தைப் பார்த்து வெட்ட வேண்டிய இடத்தைக் கண்டுபிடிப்பது வேகமான வேலை. ஆனால் நீங்கள் மௌனமாக இருந்த இடத்தில் விஸ்பர் சில சமயம் சொல்லாத வாக்கியத்தை எழுதும், ஒரே வரியைத் திரும்பத் திரும்பவும் போடும். ஒலியோடு ஒத்துப் பார்க்காமல் வெட்டாதீர்கள்.

கேள்வி: அப்பா படுகு மொழியில் அழகாகக் கதை சொல்வார். அவர் குரலை நகலெடுத்து எங்கள் வர்க்கிக் கடைக்குப் பேச வைக்கலாமா?
– வாசகர், உதகை

பதில்: அவர் சம்மதித்தால் தமிழில் பேச வைக்கலாம். படுகு மொழிக்குத் தனிப் பயிற்சி இல்லாத குரல், அதைத் தமிழ் வாசிப்பது போலவே வாசிக்கும். அப்பா இருக்கும்போது நகல் எதற்கு? அரை மணி நேரம் உட்கார வைத்து அவரையே பதிவு செய்யுங்கள். அறிமுகத்துக்கும் விலை அறிவிப்புக்கும் ஏ.ஐ. குரல் போதும், அது ஏ.ஐ. குரல் என்று தொடக்கத்திலேயே ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பாட்காஸ்ட் கோப்பை எந்த அளவில் சேமிப்பது? எங்கள் பக்கம் சிக்னல் குறைவு.
– வாசகர், மஞ்சூர்

பதில்: பேச்சு மட்டும் என்றால் எம்பி3, மோனோ (ஒற்றைத் தட ஒலி), 64 கேபிபிஎஸ். ஆறு நிமிடம் 3 எம்பிக்குள் அடங்கும். 128 வைத்தால் இரு மடங்கு. ஒலி அளவு மோனோவுக்கு −19 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பின் அலகு), ஸ்டீரியோவுக்கு −16. ஆடாசிட்டியில் ‘லவுட்னஸ் நார்மலைசேஷன்’ என்ற இடத்தில் இருக்கும். அட்டைப் படம் சதுரமாக, 1400 முதல் 3000 பிக்சலுக்குள். ஸ்பாட்டிஃபை ஃபார் கிரியேட்டர்ஸ் என்ற பாட்காஸ்ட் தளத்தில் இலவசமாக ஏற்றலாம். உங்கள் வாடிக்கையாளர்கள் வாட்ஸப்பில்தான் கேட்பார்கள் என்றால் அதே கோப்பை அங்கேயும் அனுப்பிவிடுங்கள்.