மெயின்ஃபிரேமில் கிட், பாஷ், கர்ல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஐபிஎம் மெயின்ஃபிரேமின் இயங்குதளமான இசட் ஓஎஸ்ஸில் ஓப்பன் சோர்ஸ் கருவிகளைப் பயன்படுத்துவது பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

லினக்ஸில் பழகிய பாஷ் (ஷெல்), கிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைப்பது), கர்ல் (வலை வழியாகக் கோப்பு எடுப்பது), விம் (எடிட்டர்), ஜேக்யூ (ஜேசான் தரவைப் படிப்பது) எல்லாம் இசட் ஓஎஸ்ஸில் கிடைக்குமா? எங்கிருந்து எடுப்பது?

கிடைக்கும். இசட் ஓஎஸ்ஸுக்குள் ஒரு முழு யூனிக்ஸ் இருக்கிறது. 1990களின் நடுவில் ஓப்பன் எடிஷன் என்ற பெயரில் வந்தது, இன்று யூஎஸ்எஸ் (யூனிக்ஸ் சிஸ்டம் சர்வீசஸ்) என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். கருவிகள் ஓடுவது அங்கேதான்.

முதலில், ஓப்பன் சோர்ஸ் கருவிகளை இசட் ஓஎஸ்ஸுக்கு மாற்றித் தரும் இசட்ஓப்பன் சமூகத்தின் தொகுப்புகளைப் பாருங்கள். லினக்ஸில் தொகுப்புகளை நிறுவும் ஆப்ட் செய்யும் வேலையை இங்கே 'இசட்ஓப்பன்' என்ற கட்டளை செய்கிறது: ஒருமுறை 'இனிட்' கொடுத்து அடைவை அமைத்துவிட்டால், 'இன்ஸ்டால் கிட்' என்றதும் கிட்டும் அதற்கு வேண்டிய மற்றவையும் வந்து சேரும். பணம் கொடுத்து ஆதரவு வாங்கியே ஆக வேண்டிய நிறுவனம் என்றால், இந்தக் கருவிகளை வெகுநாள் முன்பே கொண்டுவந்த ராக்கெட் சாஃப்ட்வேரை அணுகலாம். பைதான், நோட், கோ மூன்றையும் ஐபிஎம்மே தருகிறது. அவற்றை அங்கிருந்தே எடுங்கள். ஓப்பன் எஸ்எஸ்எச்சைத் தேட வேண்டாம், இசட் ஓஎஸ் 2.2 முதல் அது கூடவே வருகிறது.

கிரெப், செட், டார் ஏற்கெனவே இருக்கின்றனவே, இன்னொன்று எதற்கு?

இருப்பவை பாசிக்ஸ் என்ற பொது யூனிக்ஸ் தரத்தில் எழுதப்பட்டவை. நீங்கள் பழகியிருப்பது லினக்ஸோடு வரும் குனூ வடிவம். கோப்பை அங்கேயே திருத்தும் செட்டின் 'ஐ' விருப்பம் இங்கே கிடையாது. டாரின் 'இசட்' விருப்பம் இருக்கிறது, ஆனால் அது ஜிஜிப் அல்ல, பழைய கம்ப்ரெஸ் வடிவம். லினக்ஸில் எழுதிய ஸ்கிரிப்டை அப்படியே ஓட்ட வேண்டுமென்றால் குனூ கருவிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கணினி கட்டளைகளைத் தேடும் பொதுப் பாத்தில் அவற்றை முன்னால் வைக்காதீர்கள். பழைய கருவிகளை நம்பி எழுதிய ஜாப் ஏதாவது ராத்திரி ஓட்டத்தில் விழும். உங்கள் சொந்த ப்ரொஃபைலில் மட்டும் வையுங்கள்.

இறக்கிய ஸ்கிரிப்டைத் திறந்தால் குப்பையாகத் தெரிகிறது. ஓட்டினாலும் பிழை. கருவியில் கோளாறா?

பெரும்பாலும் கருவியில் கோளாறு இருக்காது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் யூஎஸ்எஸ்ஸில் பாதித் தலைவலி தீர்ந்துவிடும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மெயின்ஃபிரேம் எழுத்துகளை எப்சிடிக் முறையில் வைத்துக்கொள்கிறது, வெளியுலகம் ஆஸ்கியில். ஹெக்ஸ் (பதினாறடி) எண்ணில் சொன்னால், பெரிய 'ஏ' ஆஸ்கியில் 41, எப்சிடிக்கில் சி1. ஆஸ்கியின் சின்ன 'ஏ' 61. அதே 61 எப்சிடிக்கில் சாய்கோடு. சின்ன 'எல்' சதவீதக் குறியாகவும் 'ஓ' கேள்விக்குறியாகவும் தெரியும். திரை முழுக்கச் சாய்கோடும் கேள்விக்குறியும் சதவீதக் குறியும் இறைந்து கிடந்தால், ஆஸ்கிக் கோப்பை எப்சிடிக் என்று நினைத்துப் படிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

எந்தக் கோப்பு எந்த முறை என்று சொல்ல ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு டேக் உண்டு. சிஎச்டேக் கட்டளையை 'பி' விருப்பத்தோடு கொடுத்துப் பாருங்கள். 'அன்டேக்டு' என்றும் 'டி' ஆஃப் என்றும் வந்தால், கணினிக்கு எதுவும் தெரியாது, எப்சிடிக் என்று எடுத்துக்கொள்ளும். அதே கட்டளையால் ஐஎஸ்ஓ8859-1 என்று டேக் போடுங்கள். அப்புறம் பிபிஎக்ஸ்கே ஆட்டோசிவிடி என்ற சூழல் மாறியை ஆன் செய்யுங்கள். படிக்கும்போது மாற்றம் தானாக நடக்கும். யூடிஎஃப்-8 கோப்புகளுக்கு 'ஆன்' போதாது, 'ஆல்' வேண்டும்.

இதில் பலரும் சறுக்கும் இடம்: டேக் போடுவதால் கோப்பின் உள்ளடக்கம் மாறாது. அது ஒரு சீட்டு மட்டும்தான். எப்சிடிக் கோப்பில் ஆஸ்கி டேக்கை ஒட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும். உள்ளடக்கத்தையே மாற்ற வேண்டுமென்றால் அதற்கு ஐகான்வ் இருக்கிறது.

கோபால் (COBOL) மொழியில் எழுதிய மூலநிரல்களை கிட்டுக்குக் கொண்டுபோகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

களஞ்சியத்தில் யூடிஎஃப்-8, மெயின்ஃபிரேமில் எப்சிடிக், இதுதான் சரியான ஏற்பாடு. கிட்-அட்ரிபியூட்ஸ் கோப்பில் இசட்ஓஎஸ் வொர்க்கிங்-ட்ரீ-என்கோடிங் என்ற வரியை ஐபிஎம்-1047 (எப்சிடிக்கின் ஒரு கோட்பேஜ், அதாவது எழுத்து அட்டவணை) என்று எழுதுங்கள். அது இசட் ஓஎஸ்ஸில் மட்டும் செயல்படும். லினக்ஸிலோ விண்டோஸிலோ வேலை செய்பவர்களை அது தொடாது. முதல் கமிட்டிலேயே இந்தக் கோப்பு இருக்கட்டும், பிறகு சேர்த்தால் எல்லாக் கோப்புகளையும் திரும்பச் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பழைய கோபாலில் மேற்கோள் குறிகளுக்குள் நேரடியாக பைட் மதிப்புகளை எழுதியிருப்பார்கள். அதில் 15, 0டி, 25 போன்ற ஹெக்ஸ் மதிப்பு இருந்தால் கிட் அதை வரி முடிவு என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு வரி இரண்டாக உடையும், கம்பைலர் கத்தும். கம்பைலர் கத்தாமல் போனால் அது இன்னும் மோசம். நகர்த்தும் முன்பே இந்த பைட்டுகளைத் தேடிப் பிடித்து, அந்த மதிப்பைக் கோபாலின் ஹெக்ஸ் வடிவத்தில் எழுத்தாகவே திருத்தி எழுதச் சொல்லுங்கள். சதுர அடைப்புக் குறிகளையும் பாருங்கள்: திறப்புக் குறி 1047 கோட்பேஜில் ஏடி, 037 கோட்பேஜில் பிஏ. டெர்மினல் ஒரு கோட்பேஜிலும் கோப்பு இன்னொன்றிலும் இருந்தால் அவை பாடாய்ப் படுத்தும்.

மெயின்ஃபிரேமின் கட்டளைச் சூழலான டிஎஸ்ஓவிலிருந்து யூஎஸ்எஸ் ஷெல்லான ஓஎம்விஎஸ்ஸுக்குள் போனால் விஐ எடிட்டர் திறக்கவே இல்லை.

திறக்காது. மெயின்ஃபிரேமின் 3270 டெர்மினல் திரை ஒவ்வொரு விசையையும் உடனே அனுப்புவதில்லை. எஸ்எஸ்எச் வழியாக உள்ளே வாருங்கள். அது முடியாவிட்டால் ஓஎடிட் என்ற எடிட்டர் இருக்கிறது.

எங்கள் மெயின்ஃபிரேமுக்கு இணையத் தொடர்பு இல்லை. தொகுப்பை என் கணினியில் இறக்கி எஸ்சிபி என்ற நகல் கட்டளையால் அனுப்பினேன், பாக்ஸ் கோப்பு (தொகுப்பு வரும் சுருக்கக் கோப்பு) கெட்டுப்போய்விட்டது.

இசட் ஓஎஸ்ஸின் எஸ்சிபி எல்லாவற்றையும் எழுத்துக் கோப்பு என்று எடுத்துக்கொண்டு ஆஸ்கியிலிருந்து எப்சிடிக்குக்கு மாற்றிவிடும். சுருக்கப்பட்ட கோப்பை அப்படி மாற்றினால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. எஸ்எஃப்டிபியால் அனுப்புங்கள், அது இயல்பாகவே பைனரி. எஃப்டிபி என்றால் 'பின்' சொல்ல மறக்காதீர்கள்.

சிஸ்டம் புரோகிராமர் அனுமதி தர மறுக்கிறார். எப்படிச் சமாதானம் செய்வது?

அவருடைய பயத்தில் நியாயம் இருக்கிறது, அதை மதித்துப் பேசுங்கள். இந்தக் கருவிகளுக்கு ரூட் அதிகாரம் தேவையில்லை, ஏபிஎஃப் என்ற சிறப்பு அங்கீகாரமும் தேவையில்லை. தனியாக ஒரு இசட்எஃப்எஸ் கோப்பு அமைப்பு ஒதுக்கித் தரச் சொல்லுங்கள். இடம் நிரம்பினாலும் மற்றவர்களைப் பாதிக்காது, வேண்டாம் என்றால் அன்மவுன்ட் செய்துவிடலாம். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்போது யார் புதுப்பிப்பார்கள் என்ற கேள்விக்கு ஒரு ஆளின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் அனுமதி கேளுங்கள். என்னைக் கேட்டால், அந்தப் பெயர் இல்லாமல் எந்த அனுமதியும் தரக்கூடாது.

எங்களுக்கு வேண்டிய ஒரு சி நிரல் தொகுப்பில் இல்லை. நாங்களே இசட் ஓஎஸ்ஸுக்கு மாற்றி (போர்ட்) செய்யலாமா?

தாராளமாக. எழுத்துகள் தொடர்ச்சியானவை என்று நம்பும் நிரல்தான் முதலில் உடையும். எப்சிடிக்கில் பெரிய 'ஐ' சி9, அடுத்த 'ஜே' டி1. 'ஏ' முதல் 'இசட்' வரை ஒரு லூப் ஓட்டினால் எழுத்தே அல்லாத 15 மதிப்புகளும் வந்து விழும். அதனால் ஆஸ்கி முறையில் கம்பைல் செய்யுங்கள். கம்பைலருக்கு ஐபிஎம்மின் கிளாங் வழி வந்ததையே எடுங்கள். லினக்ஸில் உள்ள, ஆனால் இங்கே இல்லாத ஃபங்ஷன்கள் பலவற்றை இசட்ஓஎஸ்லிப் என்ற லைப்ரரி தருகிறது.

போர்ட் செய்யவே முடியாத கருவி என்றால்?

அதே இயந்திரத்தில் லினக்ஸ் ஓடுமே. எஸ்390எக்ஸ் என்ற கட்டமைப்புக்கு ரெட் ஹாட், சூசே, உபுண்டு மூன்றும் உண்டு. அங்கே ஆப்ட், டிஎன்எஃப் எல்லாம் வழக்கம்போல வேலை செய்யும், எப்சிடிக் தொல்லையும் இல்லை. இசட் ஓஎஸ்ஸை விட்டு வெளியே போக விருப்பமில்லை என்றால், அதன் 2.4 பதிப்பில் வந்த இசட்சிஎக்ஸ் என்ற வசதியில் லினக்ஸ் கன்டெய்னர்களை ஓட்டலாம். இமேஜ் எஸ்390எக்ஸுக்குக் கட்டப்பட்டதா என்று மட்டும் முதலில் பாருங்கள். கன்டெய்னருக்குள்ளிருந்து இசட் ஓஎஸ்ஸின் டேட்டாசெட்டுகள் (கோப்புகள்) நேரடியாகத் தெரியாது, வலை வழியாகத்தான் எடுக்க வேண்டும்.

வீட்டில் ஹெர்குலிஸ் என்ற மெயின்ஃபிரேம் எமுலேட்டரில் எம்விஎஸ் 3.8ஜே என்ற பழைய இயங்குதளம் வைத்திருக்கிறேன். அதில் இவற்றைப் பழகலாமா?

முடியாது. அதில் யூனிக்ஸ் பகுதியே இல்லை. ஐபிஎம் இசட் எக்ஸ்ப்ளோர் பயிற்சித் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்யுங்கள், உண்மையான இசட் ஓஎஸ்ஸில் யூஎஸ்எஸ் ஷெல்லே கிடைக்கும். உள்ளே போனதும் ஒரு சின்னக் கோப்பை உருவாக்கி, அதற்கு என்ன டேக் விழுந்திருக்கிறது என்று சிஎச்டேக்கால் பார்த்துத் தொடங்குங்கள்.