தூணில் இருக்கும் பழைய தடத்தைப் பாருங்கள்

வராந்தா தூண்களில் இருந்த அலங்கார மரப் பிராக்கெட்டுகள் உளுத்துவிட்டன, புதிதாக எந்த வடிவம், எந்த அளவு வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். கடைக்குப் போகும் முன் தூணையும் உத்தரத்தையும் உற்றுப் பாருங்கள். பழைய பிராக்கெட் ஒட்டியிருந்த இடத்தில் பெயின்ட் விளிம்பும் ஆணி ஓட்டைகளும் தெரியும். உயரம், நீளம், தடிமன் மூன்றும் அங்கேயே கிடைத்துவிடும். சுரண்டாதீர்கள், பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உளுத்த துண்டு ஒன்று மிஞ்சியிருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். வளைவை வரைந்தெடுக்க அதைவிட நல்ல அச்சு கிடைக்காது.

மரம் என்றால் தேக்கு நல்லது. எம்.டி.எஃப். (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) வெளியே வேண்டவே வேண்டாம், ஈரத்தில் ஊதிவிடும். அப்புறம், மெல்லிய வளைவுகளில் மரத்தின் நார் குறுக்கே ஓடினால் அங்கேதான் உடையும். மாட்டுவதற்கு முன்பே எல்லாப் பக்கமும், முக்கியமாக வெட்டிய முனைகளில், பிரைமர் அடித்துவிடுங்கள்.