ஆனர்ஸுக்குப் பிறகு எந்த ஆய்வகம்?

அன்புள்ள ஐயா,
என் மகள் டர்பனில் மூன்று வருட பி.எஸ்சி. இயற்பியலை இந்த ஆண்டு முடிக்கிறாள். மெட்டீரியல்ஸ் ஃபிசிக்ஸ் படித்துப் பேராசிரியராக வேண்டுமாம். இன்னும் எத்தனை வருடம் ஆகும்? பிரிட்டோரியாவில் சிலிக்கன் கார்பைடு ஆய்வு பிரபலம் என்கிறார்கள். அனுப்பலாமா?
ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

அன்புள்ள அம்மா,

ஆனர்ஸ் (பி.எஸ்சி.க்கு மேல் தனிப் பட்டம்) 1 வருடம், மாஸ்டர்ஸ் 2, பிஎச்.டி. காகிதத்தில் 3, நடப்பில் 4 அல்லது கூடுதல். பிறகு போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி, இரண்டு மூன்று வருடம். அதில் வருவது பெரும்பாலும் உதவித்தொகைதான். பென்ஷன், மெடிக்கல் எய்டு எதுவும் பொதுவாகக் கிடையாது. லெக்சரர் வேலை முப்பதை ஒட்டித்தான். இதை வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள்.

பிரிட்டோரியா நல்ல இடம். ஆனால் அந்தத் தலைப்பு வளர்ந்த கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். எரிபொருளை உருண்டைகளாகப் போடும் கூழாங்கல் அணு உலையில், உருண்டைக்குள் இருக்கும் எரிபொருள் மணி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1 மி.மீ. அதற்குள் சுமார் 35 மைக்ரான் தடிமனில் சிலிக்கன் கார்பைடு ஓடு. எரிபொருளில் உண்டாகும் கதிரியக்க வெள்ளி அதைத் தாண்டி எப்படிக் கசிகிறது என்பதுதான் கேள்வி. 2010இல் தென்னாப்பிரிக்க அரசு உலைத் திட்டத்தைக் கைவிட்டது. ஆய்வு நிற்கவில்லை, அயனியைப் புகுத்தி, சூடேற்றி, அளக்கத் தெரிந்த கைகள் இருந்தன. ஆகவே தலைப்பை விட்டுவிட்டுக் கருவியைக் கேட்கச் சொல்லுங்கள். க்கெபெர்ஹாவில் (முன்பு போர்ட் எலிசபெத்) நெல்சன் மண்டேலா பல்கலைக்கழகத்தின் எலக்ட்ரான் நுண்ணோக்கி மையம், ஜோஹன்னஸ்பர்க்கில் ஐதெம்பா லேப்ஸ் என்ற தேசிய ஆய்வகத்தின் அயனிக் கற்றை: மாணவருக்கு மாதம் எத்தனை மணி நேரம் கிடைக்கும்? பழுதானால் யார் பார்ப்பார்?

எக்ஸ் கதிரால் படிக அமைப்பை அளக்கும் எக்ஸ்.ஆர்.டி. கருவியை மாணவரே இயக்குகிறாரா என்றும் கேட்கட்டும். ஆபரேட்டரிடம் தூளைக் கொடுத்துக் கிராஃபை வாங்கிக்கொள்ளும் பழக்கம்தான் பல ஆய்வேடுகளைக் கெடுக்கிறது. மாதிரியின் மேற்பரப்பு 0.1 மி.மீ. தாழ்ந்திருந்தாலே, 200 மி.மீ. ஆரமுள்ள கருவியில், 30 டிகிரி அருகே கிராஃபின் உச்சி 0.055 டிகிரி இடம் பெயரும். லாட்டிஸ், அதாவது படிகத்தின் அணுவடுக்கு, ஏறத்தாழ 0.2 சதவீதம் விரிந்ததுபோலத் தோன்றும். மாணவர் அதை டோப்பிங்கின் (வேற்று அணுக்களைக் கலப்பதன்) விளைவென்று எழுதிவிடுவார். தூளோடு கொஞ்சம் சிலிக்கனைக் கலந்தால் போதும்: செம்புக் கதிரில் அதன் முதல் உச்சி 28.44 டிகிரியில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் குற்றம் பெரும்பாலும் மாதிரி வைத்த உயரத்தில்.

மாதிரியைச் சூடேற்றும் ஆய்வக மின் உலைக்கும் இதே கதைதான். லோட்ஷெடிங்கில் மின்சாரம் போய்த் திரும்பினால், சில கன்ட்ரோலர்கள் புரோகிராமை முதலிலிருந்து ஓட்டும்; பத்து மணி நேரம் சூடாக வேண்டியது பதினாறு ஆகிவிடும். வெப்பநிலைப் பதிவு இல்லாவிட்டால் யாருக்கும் தெரியவே தெரியாது.

பேராசிரியரிடம் இதையெல்லாம் கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தால், அங்கே இரண்டாம் வருடம் மாஸ்டர்ஸ் படிப்பவரைப் பிடிக்கட்டும். கருவிக்கு வரிசையில் நிற்பவர் அவர்தான்.