மலைக்கிராமங்களுக்கு வரும் அரசு மானியம்: இந்த முறை வந்த கேள்விகள்

கரண்டு, வீடு, ரோடு, சமுதாயக் கூடம் என்று பழங்குடி ஊர்களுக்கான திட்டங்களைப் பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படுகிறவற்றை எடுத்துக்கொண்டேன். கேட்டவர்களின் பெயரையும் ஊரின் சரியான பெயரையும் விட்டுவிட்டேன்.

பந்தலூர் பக்கம் இருக்கும் பணியர் தம்பி ஒருவர்: "அண்ணா, எங்கள் ஊரில் 22 வீடு. கரண்டு இல்லை. 'ஜன்மன்' திட்டத்தில் சோலார் தருகிறார்களாம். வாங்கிக்கொள்ளலாமா, இல்லை லைன்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கலாமா?"

முதலில் விதியைப் பார்த்துவிடுவோம். மிகவும் நலிந்த பழங்குடியினருக்காக 2023 நவம்பரில் தொடங்கிய பிரதமர் ஜன்மன் திட்டத்தில் மின்சாரத்துக்கு இரண்டு வழி இருக்கிறது. லைன் இழுக்க முடிகிற ஊருக்கு லைன். இழுக்கவே முடியாத, அல்லது இழுத்தால் செலவு கட்டுப்படியாகாத ஊருக்கு மட்டும் வீட்டுக்கு 300 வாட் சோலார். அதற்கு ஒரு வீட்டுக்கு 50,000 ரூபாய் அல்லது உண்மையான செலவு என்று கணக்கு. இந்தப் பணம் உங்கள் கைக்கு வராது, பொருத்துகிற நிறுவனத்துக்குத்தான் போகும். அதனால் "பதிவுக் கட்டணம் 2,000 கட்டுங்கள்" என்று யாராவது வந்தால் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

300 வாட்டில் என்ன ஓடும் என்று யாரும் ஊரில் விளக்கமாகச் சொல்வதில்லை, அதனால் நானே சொல்கிறேன். நல்ல வெயில் நாளில், இழப்பெல்லாம் போக, ஏறக்குறைய ஒரு யூனிட் கிடைக்கும். 9 வாட் எல்.இ.டி. பல்பு ஐந்தை ஐந்து மணி நேரம் எரித்தால் கால் யூனிட்டுக்கும் குறைவு. மின்சாரத்தைக் குறைவாகக் குடிக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினால் இன்னொரு கால் யூனிட். சின்ன டிவி, இரண்டு செல்போன் சேர்த்தாலும் தாங்கும். அதே இடத்தில் பழைய 75 வாட் ஃபேனை மாட்டினால் அது ஒன்றே அரை யூனிட்டுக்கு மேல் குடித்துவிடும், ராத்திரி பத்து மணிக்கு வீடு இருண்டுவிடும். மிக்ஸி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி இதில் ஓடாது. அப்புறம் உங்கள் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை விடாமல் பெய்யும், அந்த மாதங்களில் பாதி கிடைத்தாலே பெரிது.

அதனால் என் கருத்து இது: பக்கத்து மின்கம்பம் எட்டும் தூரத்தில் இருந்தால் லைனைக் கேளுங்கள், சோலாருக்குக் கையெழுத்துப் போட்டு "மின் இணைப்புப் பெற்ற ஊர்" என்று கணக்கில் ஏறிவிடாதீர்கள். உண்மையிலேயே நடுக்காட்டில் இருந்தால் சோலாரை வாங்குங்கள், ஆனால் 22 வீடும் நெருக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வீடு தனித்தனிப் பெட்டி வைக்காமல் ஒரே இடத்தில் பேனல் வைத்து எல்லா வீட்டுக்கும் ஒயர் இழுக்கும் மினி கிரிட் முறைக்கும் இதே திட்டத்தில் இடம் இருக்கிறது. யானை வருகிற பகுதியில் 22 இடத்தைக் காப்பாற்றுவதைவிட ஓர் இடத்துக்கு வேலி போடுவது சுலபம்.

ஜவ்வாது மலையிலிருந்து ஒருவர்: "கீழே இருக்கும் இருளர் காலனிக்கு ஜன்மன் வீடு வந்துவிட்டது. நாங்களும் எஸ்.டி.தான், மலையாளி சமூகம் (கேரளத்தவர் இல்லை, மலைவாழ் பழங்குடி). எங்களுக்கு ஏன் இல்லை?"

இதில் யாரும் உங்களை ஏமாற்றவில்லை. ஜன்மன் எல்லாப் பழங்குடியினருக்குமான திட்டம் இல்லை. நாடு முழுக்க 75 சமூகங்களை 'மிகவும் நலிந்த பழங்குடியினர்' என்று பட்டியலிட்டிருக்கிறார்கள், அவர்களுக்கு மட்டும். தமிழ்நாட்டில் ஆறு: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். மலையாளி சமூகம் தமிழ்நாட்டுப் பழங்குடிகளிலேயே எண்ணிக்கையில் பெரியது, இந்தப் பட்டியலில் இல்லை. இந்தப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். காடர்கள் கேரளத்தில் பட்டியலில் இருக்கிறார்கள், ஆனைமலையின் இந்தப் பக்கம் இருக்கும் காடர்கள் இல்லை. இது நியாயமா என்று கேட்டால் எனக்கும் நியாயமாகப் படவில்லை.

நீங்கள் தட்ட வேண்டிய கதவு வேறு. 2024 அக்டோபர் 2 அன்று தொடங்கிய 'தர்தி ஆபா' திட்டம், 79,156 கோடி ரூபாய், நாடு முழுக்க 63,000-க்கும் மேற்பட்ட ஊர்கள், 17 அமைச்சகங்கள். வீடு, சாலை, குடிநீர், மின்சாரம், செல்போன் சிக்னல் எல்லாம் அதில் உண்டு. மக்கள்தொகை 500-க்குக் குறையாமல், அதில் பாதிப் பேராவது பழங்குடியினராக இருக்கும் ஊர் என்பது பொது அளவுகோல். "எங்கள் ஊரில் 140 பேர்தானே" என்று பயப்படாதீர்கள். அவர்கள் பார்ப்பது வருவாய்க் கிராமத்தை, உங்கள் குக்கிராமத்தை மட்டும் இல்லை. உங்கள் வருவாய்க் கிராமத்தின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று ஒருங்கிணைந்த பழங்குடியினர் மேம்பாட்டுத் திட்ட அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே பதில் வரும்.

மாநில அரசின் 'தொல்குடி' திட்டமும் இருக்கிறது. 2024-25 பட்ஜெட்டில் அறிவித்தது, பழங்குடிக் குடியிருப்புகளின் அடிப்படை வசதிக்கு நான்கு ஆண்டுகளில் 1,000 கோடி. இதற்கு அந்த ஆறு சமூகக் கட்டுப்பாடு கிடையாது. இரண்டுக்கும் சேர்த்தே மனு கொடுங்கள்.

சத்தியமங்கலம் மலையிலிருந்து: "எஸ்டிமேட் போட்டு, பணமும் ஒதுக்கியாச்சு. காட்டு வழியாகக் கம்பம் நட முடியாது என்று ரேஞ்சர் நிறுத்திவிட்டார். மத்திய அரசு அனுமதி வேண்டுமாம்."

எனக்கு வரும் கடிதங்களில் அதிகமாக வருவது இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2006 வன உரிமைச் சட்டத்தில் பிரிவு 3(2) என்று ஒன்று இருக்கிறது. தனிநபர் பட்டாவைப் பற்றியே எல்லோரும் பேசுவதால் இதை மறந்துவிடுகிறார்கள். பள்ளிக்கூடம், மருத்துவமனை, அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்சாரம் மற்றும் தொலைபேசிக் கம்பி, குளம், குடிநீர்க் குழாய், மழைநீர் சேகரிப்பு, சிறு வாய்க்கால், மரபுசாரா எரிசக்தி, தொழிற்பயிற்சி மையம், சாலை, சமுதாயக் கூடம். இந்தப் பதின்மூன்று வசதிகளுக்கும் வன நிலத்தை ஒதுக்கலாம், அதற்கு 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி டெல்லி வரை போகத் தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது. மின்கம்பியும் பட்டியலில் இருக்கிறது, சோலாரும் இருக்கிறது.

நிபந்தனைகள் உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம்தான் எடுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். இன்னொன்று, அது அரசு நடத்துகிற வசதியாக இருக்க வேண்டும், தனியார் அறக்கட்டளை கட்டுகிற கூடத்துக்கு இந்தப் பிரிவு உதவாது.

இப்போது நடைமுறை. விண்ணப்பிக்க வேண்டியவர் நீங்கள் இல்லை, வேலையைச் செய்கிற துறை. லைன் என்றால் மின் வாரியம், ரோடு என்றால் ஊராட்சி ஒன்றியம். அவர்கள் இதற்கென்றே இருக்கும் படிவத்தை நிரப்பி, கிராம சபைத் தீர்மானத்தோடு வனத்துறைக்குக் கொடுக்க வேண்டும். ரேஞ்சர் இடத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்வார், முடிவு மாவட்ட வன அலுவலருடையது. அவருக்கு உடன்பாடு இல்லை என்றால் கலெக்டர் தலைமையிலான மாவட்ட அளவிலான குழுவுக்கு அனுப்ப வேண்டும். ஆக, ரேஞ்சர் நின்ற இடத்தில் "முடியாது" என்றால் அது முடிவே இல்லை. பெரும்பாலும் என்ன நடக்கிறது என்றால், மின் வாரியம் அந்தப் படிவத்தைக் கொடுத்திருக்கவே மாட்டார்கள். நீங்கள் முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள்.

தீர்மானம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணைப் பகுதி (பழங்குடியினருக்கென்று தனியாக அறிவித்த பகுதி) கிடையாது, அதனால் அந்தப் பகுதிகளின் கிராம சபைக்கு அதிகாரம் தரும் பெசா சட்டம் இங்கே பொருந்தாது. கிராம சபைக்கு வலு கிடைப்பது வன உரிமைச் சட்டத்தில்தான். அந்தச் சட்டம் கிராமம் என்று சொல்வதில் வன கிராமமும் பாரம்பரியக் குடியிருப்பும் அடங்கும். ஐந்து கிலோமீட்டர் கீழே இருக்கும் ஊராட்சி அலுவலகத்தில் ஆகஸ்ட் 15 அன்று கூடி, உங்கள் ஊரிலிருந்து நான்கு பேர் போய் உட்கார்ந்து வந்தால் அது போதாது. உங்கள் ஊரிலேயே கூடுங்கள். உறுப்பினர்களில் பாதிப் பேராவது இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். தீர்மானத்தில் "மின்வசதி செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எத்தனை மீட்டர், எத்தனை மரம், எத்தனை வீட்டுக்குப் பயன், பிரிவு 3(2)-இன் கீழ் பரிந்துரைக்கிறோம் என்று அந்த எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். எண் இல்லாத தீர்மானம் கோப்புக்குள் போய்ப் படுத்துவிடும். எண் இருந்தால் யாராவது பதில் எழுதியாக வேண்டும்.

செங்கல்பட்டு மாவட்ட இருளர் அக்கா: "எனக்குச் சாதிச் சான்றிதழே இல்லை. வீடு கிடைக்குமா? முன்னாடி கட்டித்தந்த தளம்போட்ட வீட்டில் வெயில் காலத்தில் உள்ளே இருக்கவே முடியவில்லை, புது வீடும் அப்படித்தான் இருக்குமா?"

அக்கா, எஸ்.டி. சான்றிதழ் கொடுப்பவர் தாசில்தார் இல்லை, வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.). ஆன்லைனில் போட்டுவிட்டு, ஆர்.டி.ஓ. விசாரணைக்கு வரும்போது உறவினர் யாருக்காவது ஏற்கெனவே கொடுத்த சான்றிதழின் நகலைக் காட்டினால் வேலை பாதி முடிந்த மாதிரி. ஜன்மன் முகாம் போட்டால் அங்கேயே ஆதாரையும் சான்றிதழையும் கேளுங்கள், முகாம் நடத்துவதே அதற்காகவும்தான். மத்திய அரசின் கணக்கில் ஒரு வீட்டுக்கு 2.39 லட்சம். வீட்டுக்கு 2 லட்சம், கழிப்பறைக்கு 12,000, மிச்சம் உங்கள் வீட்டு வேலைக்கு உங்களுக்கே வரவேண்டிய கூலி. அந்தக் கூலியை விட்டுவிடாதீர்கள்.

வெயில் பற்றிக் கேட்டது ரொம்ப நல்ல கேள்வி. ஓடு வேய்ந்த வீட்டில் இடுக்கு வழியாகக் காற்று போகும், கான்கிரீட் தளம் பகலெல்லாம் சூட்டைக் குடித்துவிட்டு ராத்திரி உள்ளே கக்கும். அஸ்திவாரம் போடும்போதே எதிரெதிர்ச் சுவரில் ஜன்னல், சுவரின் மேலே காற்றுப் போக்கி கேளுங்கள், கட்டிய பிறகு கேட்டால் நடக்காது. இருக்கிற வீட்டுக்குத் தளத்தின் மேல் சுண்ணாம்பு இரண்டு கோட் அடித்துவிடுங்கள், ஒவ்வொரு ஆண்டும் பங்குனியில். செலவு குறைவு, வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

கோத்தகிரியிலிருந்து: "வீட்டுக்கூரை சோலாருக்கு 78,000 ரூபாய் மானியம் என்று விளம்பரம் வருகிறதே?"

அது சூர்ய கர் திட்டம், 3 கிலோவாட்டுக்கு அதிகபட்சம் 78,000. ஏற்கெனவே மின் இணைப்பு இருக்கும் வீட்டுக்கு மட்டும். மிச்சப் பணத்தை நீங்கள் போட வேண்டும். நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், உங்கள் வீடு அதற்குள் ஓடுகிறது என்றால் இதில் உங்களுக்கு மிச்சமாக ஒன்றுமே இல்லை. கடன் வாங்கிப் போடவே போடாதீர்கள்.

கொல்லிமலை மகளிர் குழு: "சாமை, தினை அரைக்க மெஷின், மிளகு காயவைக்க சோலார் டிரையர் வேண்டும். எங்கே கேட்பது?"

டிரையருக்கு வேளாண் பொறியியல் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகம். மெஷினுக்குப் பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் திட்டம், செலவில் 35 சதவீதம், தனி ஆளுக்கு 10 லட்சம் வரை மானியம். குழு உறுப்பினர் ஒருவருக்கு 40,000 வரை தொடக்க மூலதனமும் உண்டு. இது வங்கிக் கடனோடு சேர்ந்த மானியம் என்பதால் வங்கி மேலாளரை முதலில் பாருங்கள், விண்ணப்பம் அப்புறம். வன உரிமைப் பட்டாவை அடமானம் கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். அந்த நிலம் வாரிசுக்குப் போகும், விற்கவோ கைமாற்றவோ சட்டம் விடாது. மெஷின் வாங்கும் முன் ஊரில் வோல்டேஜ் எவ்வளவு வருகிறது என்று சாயங்காலம் ஏழு மணிக்கு அளந்து பாருங்கள். மோட்டார் எரிந்துபோன குழுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஏற்காடு பக்கமிருந்து: "சோலார் தெருவிளக்கு பன்னிரண்டு போட்டார்கள். இரண்டு வருடத்தில் ஒன்பது அணைந்துவிட்டது. புதுசாகக் கேட்கலாமா?"

கேட்காதீர்கள். முதலில் இருப்பதைத் திறந்து பாருங்கள். பேனல் இருபது வருடத்துக்கு மேல் உழைக்கும் பொருள், அது கெட்டிருக்க வாய்ப்புக் குறைவு. பேட்டரி செத்திருக்கும், அல்லது பேனல் மேல் பலா மரக் கிளை வளர்ந்து நிழல் விழுந்திருக்கும். நான் முதன்முதலில் திட்ட அறிக்கை எழுதிக்கொடுத்த ஊரில் நடந்தது இதுதான், மழைக்காலத்தில் போய் இடம் பார்த்தோம், வெயில் எந்தப் பக்கம் விழும் என்றே யோசிக்கவில்லை, அடுத்த தை மாதம் ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் நிழலில் நிற்கும் பேனலைக் காட்டினார். இன்றும் அந்த நினைப்பு வந்தால் மனசு கனக்கிறது, ஏனென்றால் அந்த ஊருக்கு விளக்குப் போட்டாகிவிட்டது என்று கணக்கு எழுதியாயிற்று, இன்னொரு முறை வராது.

வேலை ஆணையின் நகலை ஊராட்சி ஒன்றியத்தில் கேளுங்கள். தரவில்லை என்றால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மனு, 30 நாளில் பதில் தர வேண்டும். பொருத்திய நிறுவனத்துக்கு எத்தனை ஆண்டு பராமரிப்புப் பொறுப்பு என்று அதில் இருக்கும். அந்தக் காலம் முடியவில்லை என்றால் ஒவ்வொரு கம்பத்துக்கும் எண் எழுதி, அணைந்த தேதியோடு வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (பி.டி.ஓ.) புகார் கொடுங்கள், ஒப்பந்தக்காரரின் வைப்புத்தொகையைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் கொடுங்கள். காலம் முடிந்துவிட்டது என்றால் ஒன்பது பேட்டரிக்கு மட்டும் ஊராட்சிப் பொது நிதியில் தீர்மானம் போடுங்கள். ஊரில் பத்தாவது படித்த இரண்டு பேருக்கு, ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும், மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டர் பிடிக்கச் சொல்லிக்கொடுங்கள். பேட்டரி மாற்ற வருகிறவரோடு ஒரு நாள் முழுக்க நின்றாலே கற்றுக்கொள்வார்கள். வீட்டுக்கு மாதம் இருபது ரூபாய் போட்டு வையுங்கள், ஐம்பது வீடு என்றால் வருடத்துக்கு 12,000 ரூபாய் சேரும். அடுத்த பேட்டரிகளை மாற்ற யாரையும் எதிர்பார்க்க வேண்டாம்.