என்.எம்.ஆர். (காந்தப்புலத்தில் வைத்து மூலக்கூறின் அமைப்பைப் பார்க்கும் கருவி) வைத்துக் கண்ணாடி பிம்ப மூலக்கூறுகளின் விகிதத்தை அளக்க முடியுமா? முடியாது என்கிறாரே எங்கள் சார்?

உங்கள் சார் சொன்னது பாதி சரி. அந்தப் பாதியைத்தான் என் புராஜெக்ட் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து வந்த தேர்வாளர், என் முகத்துக்கு நேரே வீசினார், அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. நீங்களும் எம்எஸ்சி புராஜெக்ட்டில் ஒரு ஆல்கஹாலைக் கையில் வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு ஜோடிச் செருப்பைத் தனித்தனியாகத் தராசில் வைத்தால் இரண்டும் ஒரே எடைதான். இடது எது வலது எது என்று காலை நுழைத்தால்தான் தெரியும். சாதாரண குளோரோஃபார்மில் கரைத்து ஓட்டினால் என்.எம்.ஆரும் அந்தத் தராசு மாதிரிதான், இரண்டு எனான்டியோமருக்கும் (ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான ஜோடிக்கும்) வரைபடத்தில் ஒரே இடத்தில் ஒரே பீக் (முகடு). கால் ஒன்றை நாம்தான் கொடுக்க வேண்டும், அதாவது இடது-வலது பேதமுள்ள (கைரல்), ஒரே கைப்பக்கமாக மட்டும் எடுத்த இன்னொரு மூலக்கூறு. 1966-ல் பிர்க்கிள் கைரல் அமீன் ஒன்றைக் கரைப்பானாக வைத்தே பீக்கைப் பிரித்துக் காட்டினார். 1969-ல் மோஷர் குழு ஒரு கைரல் அமிலத்தை ஆல்கஹாலோடு எஸ்டராகக் கட்டிவிட்டது. கட்டியபின் அவை கண்ணாடி பிம்பங்கள் இல்லை, டயாஸ்டீரியோமர்கள் (பிம்பமாகப் பொருந்தாத வடிவங்கள்), பீக்கும் வேறு வேறு இடத்தில் வரும்.

என் கதை கேரட்டில் தொடங்குகிறது. அசிட்டோபீனோன் என்ற கீட்டோனைக் கேரட் துண்டுகளோடு தண்ணீரில் போட்டுக் குலுக்கினால் அது ஃபீனைல்எத்தனால் என்ற ஆல்கஹாலாக மாறும், ஆர், எஸ் என்ற இரண்டு பிம்பங்களில் எஸ் வகை அதிகமாகக் கிடைக்கும், 2002-ல் ஹைதராபாத் ஐஐசிடி (இந்திய வேதித் தொழில்நுட்ப நிறுவனம்) ஆட்கள் வெளியிட்ட முறை. உழவர் சந்தையில் கேரட் வாங்கி, தோல் சீவி, இரண்டு நாள் ஷேக்கரில் விட்டேன். (அந்தக் கேரட்டுக்கு மூன்று கொட்டேஷன் கேட்டது எங்கள் கல்லூரி அலுவலகம். உழவர் சந்தையில் தரையில் உட்கார்ந்து விற்கும் அம்மாவிடம் போய் ஜிஎஸ்டி நம்பர் கேட்க முடியுமா? கடைசியில் என் காசுதான் போனது. லட்சக்கணக்கில் வாங்கிய கருவி அட்டைப்பெட்டி பிரிக்காமல் கிடந்ததற்கு எந்தக் கேள்வியும் இல்லை. சரி, விடுங்கள்.)

போலாரிமீட்டரில் (கரைசல் ஒளியை எவ்வளவு திருப்புகிறது என்று அளக்கும் கருவி) கணக்குப் போட்டால் 97 சதவீதம் ஈ.ஈ., அதாவது ஒரு பிம்பம் மற்றதைவிட எத்தனை சதவீதம் அதிகம் என்ற கணக்கு. கால் தரையில் படவில்லை எனக்கு. கைட் மட்டும் நம்பாமல், சீனியர் ஒருவர் ஃப்ரிட்ஜில் விட்டுப்போன மோஷர் குளோரைடை (மோஷர் அமிலத்திலிருந்து செய்தது, ஆல்கஹாலோடு சேர்ந்து எஸ்டராகும்) எடுத்துக் கொடுத்து, "முதல்ல ரேசிமிக்கை ஓட்டுப்பா" என்றார். ரேசிமிக் என்றால் இரண்டு பிம்பமும் பாதிப் பாதி உள்ள கலவை. சோடியம் போரோஹைட்ரைடு போட்டு ரேசிமிக் செய்து, எஸ்டராக்கி அனுப்பினேன். 3.5 பிபிஎம் (என்.எம்.ஆர். வரைபடத்தின் அளவுகோல்) பக்கத்தில் எஸ்டரின் மெத்தாக்ஸி பீக் அழகாக இரண்டாகப் பிரிந்திருந்தது, ஆனால் இன்டெக்ரேஷன் (பீக்குகளின் பரப்பு விகிதம்) 57க்கு 43. ரேசிமிக்கில் எப்படி அது வரும்? குளோரைடைக் கஞ்சத்தனமாகக் குறைத்துப் போட்டிருந்தேன். ஒரு எனான்டியோமர் கொஞ்சம் வேகமாக வினைபுரியும், ஆல்கஹால் மீதமிருந்தால் விகிதம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அடுத்த முறை தாராளமாகப் போட்டு, டிஎல்சி தகட்டில் (கலவையில் என்னென்ன இருக்கிறது என்று புள்ளிகளாகப் பிரித்துக் காட்டுவது) ஆல்கஹால் புள்ளி சுத்தமாக மறையும்வரை இரவெல்லாம் கலக்கிவிட்டேன். 50க்கு 50.

அப்புறம் கேரட் சாம்பிள். 88க்கு 12, அதாவது ஈ.ஈ. 76. என் 97 எங்கே போனது? எஸ்டராக்கும் முன் எடுத்த ஸ்பெக்ட்ரத்திலேயே 2.6-ல் ஒரு குச்சி நின்றிருந்தது, வினைபுரியாத அசிட்டோபீனோன். அது ஃபீனைல்எத்தனாலின் ஒளித்திருப்பத்தைக் கூட்டிக் காட்டும் என்று 1973-லேயே யமகுச்சியும் மோஷரும் எழுதிவிட்டார்கள், நான்தான் படிக்கவில்லை.

வைவாவில் 76 என்று சொன்னதும் எக்ஸ்டர்னல், "என்.எம்.ஆர்ல இமேஜ் பிரியாதேம்மா, எப்படி அளந்தே?" என்றார். பதில் தெரியும், ஆனால் தொண்டை அடைத்துக்கொண்டது. போர்டில் எஸ்டரை வரைந்துவிட்டு நின்றேன். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு அடுத்த ஸ்லைடு என்றார். ஒப்புக்கொண்டாரா இல்லையா என்று இன்றுவரை தெரியாது.

"கைரல் ஹெச்பிஎல்சி (இரண்டு பிம்பத்தையும் ஒரு குழாய் வழியாக ஓட்டித் தனித்தனியாகப் பிரிக்கும் கருவி) இருக்கும்போது இது எதற்கு" என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: இருக்கிறவர்கள் அதிலேயே பாருங்கள், ஈ.ஈ. 99க்கு மேல் போனால் அதுதான் நல்லது என்று நானே சொல்கிறேன். எங்கள் துறையில் அதற்கான கைரல் குழாய் (column) வாங்கக் காசில்லை. யூரோப்பியம் ரீஏஜென்டும் உண்டு, சாம்பிளோடு கலந்தாலே பீக் நகரும், ஆனால் காந்தப்புலம் அதிகமுள்ள பெரிய என்.எம்.ஆர். மெஷினில் பீக் அகலமாகி வழிந்துவிடும், எனக்கு அது ஒத்துவரவில்லை.

ஒன்று மறந்துவிட்டேன். ஆர் மோஷர் அமிலத்திலிருந்து செய்த குளோரைடு பாட்டிலில் எஸ் என்று போட்டிருக்கும். உள்ளே எதுவும் திரும்பவில்லை, குளோரின் வந்ததும் ஆர், எஸ் என்று பெயரிடும் முன்னுரிமை வரிசை மாறுகிறது, அவ்வளவுதான். நான் தவறான பாட்டிலை எடுத்துவிட்டேன் என்று ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.