அறுகம்புல்லும் பங்கரும்: வாசகர் கேள்வி – பதில்

(பதில் எழுதுபவர்: நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்து ஓய்வுபெற்ற தொழில்நுட்ப அலுவலர், கிளிநொச்சி)

கேள்வி: ஐயா, கொழும்பில் வேலை பார்த்தபோது இரண்டு வருடம் கோல்ப் பழகினேன். வருகிற மாசியில் மெல்பேர்னில் உள்ள அத்தானிடம் போகிறேன். அவருடைய மேலாளர் அங்கே ஒரு தனியார் கோல்ப் கழகத்தில் உறுப்பினர். ஒரு நாள் ஆட என்னையும் அழைத்திருக்கிறார். உறுப்பினர் கூட்டிப்போகாமல் வெளியாள் நுழையவே முடியாதாம். அங்கே எப்படி நடந்துகொள்வது? அவர்கள் பேசும் பெருமைக்கு அந்த மைதானம் தகுமா என்பதை எப்படி மதிப்பிடுவது?
– வாசகர், நெடுங்கேணி

பதில்: தம்பி, அந்தப் பக்கத்தில் நானும் ஒரு நாள் ஆடியிருக்கிறேன். எட்டு வருடத்துக்கு முன் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அவளுடைய அயலவர் கூட்டிப்போனார். கழகத்தின் பெயரை எழுத மாட்டேன். விருந்துக்கு அழைத்தவர் வீட்டு அடுப்படியைச் சந்தியில் நின்று விவரிப்பது போலாகிவிடும்.

முதலில் சப்பாத்து. அடியில் மண் ஒட்டியிருந்தால் விமான நிலையத்துப் படிவத்தில் அறிவித்தே ஆக வேண்டும். பாம்புக்குப் பயப்படாத அவுஸ்திரேலியர் பிறநாட்டு மண்ணுக்கும் விதைக்கும் பயப்படுவார்கள். நெடுங்கேணிக் கிரவலைப் பழைய பற்தூரிகையால் இடுக்கு இடுக்காகத் தேய்த்துவிட்டுப் பெட்டியில் வையும். கொலர் வைத்த சேர்ட் இரண்டு போதும். உமது ஆட்டத் திறனைக் காட்டும் ஹண்டிகப் சான்றிதழைக் கொழும்பிலேயே வாங்கிக்கொள்ளும். செலவு யாருடையது என்பதை அத்தான் மூலம் முன்கூட்டியே கேட்டுவிடும். விருந்தினர் கட்டணமும் சாப்பாடும் உறுப்பினரின் கணக்கில் ஏறுவது பல கழகங்களில் வழக்கம். அங்கே போய் நீர் பணப்பையைத் திறந்துகொண்டு நின்றால் வெட்கப்படுவது அவர்தான்.

இனி மதிப்பீடு. கழக மண்டபத்துச் சுவரில் தங்க எழுத்துப் பலகைகள் தொங்கும். அவற்றைப் பார்த்து மயங்காதேயும். நான் வாய்க்கால் கரையில் தலை நரைத்தவன். எந்த நிலத்தைப் பார்த்தாலும் விழுந்த தண்ணீர் எங்கே போகிறது என்றுதான் முதலில் தேடுவேன். அன்று விடியற்காலையில் நல்ல மழை. எட்டு மணிக்கு நாங்கள் நடந்தபோது ஒரு இடத்திலும் தண்ணீர் தேங்கி நிற்கவில்லை. மெல்பேர்னின் தென்கிழக்குப் பக்கம் மணல் நிலம்; வார்த்ததை எல்லாம் குடித்துவிடுகிறது. ரோயல் மெல்பேர்ன், கிங்ஸ்டன் ஹீத் போன்ற பெயர்பெற்ற மைதானங்கள் அங்கே திரண்டிருப்பதற்கு அந்த மணல்தான் காரணம். தரை இறுகிக் கிடப்பதால் பந்தை உயர அடித்து, குழியைக் காட்டும் கொடியடியில் இறக்கினால் நிற்காது, ஓடிவிடும். இருபது மீற்றர் முன்னே விழுத்தி உருளவிட வேண்டும். கொழும்பின் ஈரத்தரையில் பழகிய உமக்கு முதல் ஆறு குழியும் அழுகைதான்.

நடுப்புல்வெளியில் குனிந்து ஒரு நுனியைக் கிள்ளிப் பார்த்தேன். கணு, கணுவில் வேர், தரையோடு ஓடும் தண்டு. அறுகு! அங்கே 'கூச்' என்கிறார்கள். வயல் வரம்பில் நாம் மண்வெட்டியால் கொத்திக் கொத்திச் சபிப்பதும், சாணிப் பிள்ளையாரின் தலையில் குத்துவதும் அதே புல்தான். அதைப் பணம் செலவழித்து வளர்க்கிறார்கள் என்றதை என் மனைவி இன்றுவரை நம்பவில்லை. அடிக்கும்போது புல் பெயர்ந்தால், கூடக் கொண்டுபோகும் சிறு வாளி மணலை அந்த வடுவில் கொட்டிக் காலால் அமத்த வேண்டும். மறந்துவிடாதேயும், உம்மை அளப்பது அதை வைத்துத்தான்.

பிறகு பங்கர், அதாவது பந்தை மறிக்க வெட்டிய மணற்குழி. ரோயல் மெல்பேர்னின் மேற்கு மைதானத்தை வரைய 1926இல் வந்தவர் அலிஸ்டர் மக்கன்சி. படிப்பால் வைத்தியர். போவர் யுத்தத்தில் எதிரிகள் நிலத்தோடு நிலமாக மறைந்திருந்த விதத்தைக் கவனித்தவர். முதலாம் உலகப் போரில் உருமறைப்பு வேலை செய்தவர். அந்தக் கண்கட்டு வித்தை மைதானத்துக்கும் வந்துவிட்டது. தூரத்தில் நின்று பார்த்தால் மணற்குழி கொடியை ஒட்டி இருப்பதுபோல் தெரியும். கிட்டப் போனால் நடுவில் ஒரு பெரிய வெளி கிடக்கும்.

நான் ஆடிய இடத்திலும் அப்படி ஒன்று இருந்தது. "பங்கருக்குள் போய்விட்டது" என்று அயலவர் சிரித்தார். வன்னியில் அந்தச் சொல்லை யாரும் சிரித்துக்கொண்டு சொன்னதில்லை. பனங்குற்றி இல்லை, மண்மூட்டை இல்லை. இடுப்பளவு ஆழத்தில் வெளிறிய மணல், அவ்வளவுதான். ஆனாலும் இறங்கும்போது தலை தானாகக் குனிந்தது. இரண்டு தடவை அடித்ததில் பந்து வெளியே வந்தது. ஏறும்போது நம் காலடித் தடத்தை வாரியால் அழித்துவிட்டு ஏற வேண்டும் என்பது ஒழுங்கு. நான் வாரிக்கொண்டே நின்றேன். அயலவர் ஒன்றும் கேட்காமல் காத்திருந்தார்.

உமது கேள்விக்கு வருகிறேன். புல்வெளி அகலமாக இருக்கிறதே என்று மகிழாதேயும். ஒரு பக்கம் நின்றால் கொடி திறந்து கிடக்கும், மறுபக்கம் நின்றால் பங்கர் மறிக்கும். அடிக்கும் முன் எந்தப் பக்கம் என்று யோசிக்க வைக்கிற குழிகளை எண்ணும். பதினெட்டில் எனக்குப் பதினான்கு தேறின. மற்ற நான்கும் வெறும் நடை. ஆக, பெருமையில் முக்கால்வாசி நியாயம். நான் அடித்தது மொத்தம் 103 தடவை. அதில் மைதானத்தின் குற்றம் எதுவும் இல்லை. தேநீர்தான் படுமோசம்.

கேள்வி: எங்கள் குளத்துத் துருசு (தண்ணீர் திறக்கும் மதகு) ஒழுகுகிறது. நீங்கள் கோல்ப் பற்றி எழுதுகிறீர்களே?
– பெண் விவசாயி, ஒட்டுசுட்டான்

பதில்: நியாயம், தங்கச்சி. 18 குழி மைதானத்துக்கு நூறு ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். சிறுபோகக் கூட்டத்தில் ஒரு ஏக்கர் தண்ணீருக்கே அடிபிடி. இரணைமடுக் குளத்தின் கீழ் மைதானம் போட யாராவது வந்தால் முதல் ஆட்சேபக் கடிதம் என்னுடையது. துருசுக் கதவு பொருந்தாமல் ஒழுகினால் அடுத்த பழுதுபார்ப்பு வரை தாங்கும். அணைக்கட்டின் வெளிச்சரிவில் கசிந்து, அந்தத் தண்ணீர் கலங்கலாகவும் இருந்தால் உள்ளிருந்து மண்ணும் போகிறது என்று அர்த்தம். எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே கமநல சேவை நிலையத்துக்குப் போங்கள்.

கேள்வி: கோல்ப் குழி எவ்வளவு பெரியது?
– மாணவன், புதுக்குடியிருப்பு

பதில்: குறுக்களவு நாலேகால் அங்குலம், அதாவது 108 மில்லிமீற்றர். ஆழம் நான்கு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. நல்ல பெரிய சிரட்டை ஒன்றை வாய் மேலே இருக்கும்படி முற்றத்தில் புதைத்தால் ஏறக்குறைய அதே அகலம் வரும். அம்மாவிடம் கேட்டுவிட்டுப் புதையுங்கள்.